ரோஸ்ட்: ஐந்து நிமிஷ சாண்ட்விச்சுக்குப் பின்னால் ஒரு பத்து வயசு மாடு

சாயங்கால நேரத்தில் வடசென்னைத் தள்ளுவண்டிக் கடைகளின் போர்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு வரிசை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பீஃப் சுக்கா, பீஃப் சில்லி, பீஃப் பக்கோடா, பீஃப் ரோஸ்ட். இதில் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த வண்டியில் ஓவன் கிடையாது. ஒரு அடுப்பு, ஒரு தவா, ஒரு பெரிய டேக்சா, அவ்வளவுதான். இருந்தாலும் அது ரோஸ்ட். அதே தெருவில் இருக்கும் சைவ ஹோட்டலில் நெய் ரோஸ்ட் கிடைக்கும். அதில் ஓவனும் இல்லை, இறைச்சியும் இல்லை. மொறுமொறுன்னு சுட்ட தோசை, அவ்வளவுதான்.

இங்கிலாந்துக்காரரிடம் போய் ரோஸ்ட் பீஃப் என்றால் அவர் மனசில் வருவது வேறு. முழுசாக ஒரு பெரிய துண்டு, ஓவனில் வைத்து, வெளியே பழுப்பாகவும் உள்ளே இளஞ்சிவப்பாகவும் எடுத்தது. அதில் மிச்சமானதை மறுநாள் மெல்லிசாகச் சீவி, கிரேவியில் சூடு காட்டி, ரொட்டிக்கு நடுவே வைத்தால் ஹாட் ரோஸ்ட் பீஃப் சாண்ட்விச். ராயபுரம், பெரம்பூர், வேப்பேரி பக்கத்து ஆங்கிலோ-இந்தியன் வீடுகளில் ரோஸ்ட் என்று சொல்வது இதுவும் இல்லை. மிளகும் காய்ந்த மிளகாயும் பட்டையும் போட்டு, மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்காக வெந்து, தண்ணீர் வற்றி, தன் கொழுப்பிலேயே பழுப்பேறிய துண்டு அது. மறுநாள் சாண்ட்விச்சும் அதிலிருந்துதான்.

ஒரே சொல், இரண்டு சமையல். ஏன் இப்படி ஆச்சு? "ஓவன் இல்லை, அதனால் பாத்திரத்தில் செய்தாங்க" என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் மாட்டின் வயசில் இருக்கிறது. அந்த வயசைத் தீர்மானித்தது உழவும் வண்டியும். 1958க்குப் பிறகு சட்டமும்கூட. இதையெல்லாம் சமாளித்து அந்த இறைச்சியை வாயில் வைக்கிற மாதிரி ஆக்கியவர்கள், பெயர் எங்கேயும் பதிவாகாத சமையல்காரர்கள். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லண்டனிலேயே பொருள் மாறிய சொல்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். ஓவனில் வைப்பதுதான் "அசல்" ரோஸ்ட், நம்ம ஊர்ப் பாத்திர ரோஸ்ட் நகல் என்று நினைத்தால் அது சரியில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரோஸ்ட் என்றால் திறந்த நெருப்புக்கு முன்னால், இரும்புக் கம்பியில் கோத்து, சுற்றிக்கொண்டே சுடுவது. ஓவனுக்குள் வைத்தால் அதற்குப் பெயர் பேக்கிங். இரண்டும் ஒன்றல்ல என்று பழைய ஆட்கள் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இரும்பு அடுப்புகள் வீட்டுக்கு வீடு வந்த பிறகுதான் ஓவன் இறைச்சிக்கும் ரோஸ்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதாவது மெட்ராஸில் பொருள் மாறுவதற்கு முன்பே, சொந்த ஊரிலேயே அந்தச் சொல் ஒரு தடவை பொருள் மாறிவிட்டது.

கம்பியில் கோத்துச் சுடுவது நமக்கும் புதுசு இல்லை. கரிகால் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படையிலேயே, கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி விருந்தில் வருகிறது. ஆக, "ரோஸ்ட் பண்ணத் தெரியாத ஊருக்கு ஆங்கிலேயன் வந்து கற்றுக்கொடுத்தான்" என்ற கதையையும் ஓரமாக வைத்துவிடலாம்.

ரோஸ்ட் பீஃப் ஆங்கிலேயருக்கு வெறும் சாப்பாடு இல்லை, அது ஒரு தேசிய அடையாளம். ஹென்றி ஃபீல்டிங் 1731இல் அதைப் புகழ்ந்து பாட்டு எழுதினார். வில்லியம் ஹோகார்த் 1748இல் அதை வைத்து, பிரெஞ்சுக்காரர்களைக் கிண்டல் செய்து ஓவியம் வரைந்தார். நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடுகிற பலசாலிகள், நீங்கள் கஞ்சித் தண்ணி குடிக்கிறவர்கள் என்பதுதான் அதன் சாரம். சாப்பாட்டை வைத்து யார் உசத்தி என்று பேசுவது உலகம் முழுக்க இருக்கிற வியாதி.

சாண்ட்விச் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்காம் சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகு, சீட்டாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல் ரொட்டிக்கு நடுவே மாட்டிறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பார்கள். இந்தக் கதையைப் பரப்பியவர் பியர்-ழான் க்ரோஸ்லே என்ற பிரெஞ்சுப் பயணி. அவர் புத்தகம் 1770இல் வந்தது. அதற்கு முன்பே, 1762 நவம்பரில், வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் தன் நாட்குறிப்பில் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மாண்டேகு வெறும் சூதாடி அல்ல. பிரிட்டிஷ் கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டியின் தலைமைப் பதவியில் இருந்தவர். ஒரு கையில் வேலை, ஒரு கையில் சாப்பாடு என்ற தேவை சூதாட்ட மேஜைக்கு மட்டும் உரியது அல்ல. துறைமுகம், ரயில், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் உரியது. வடசென்னையில் இருப்பது இந்த மூன்றும்தானே.

மெட்ராஸ் அடுப்படி

இப்போது மெட்ராஸுக்கு வருவோம். ஆங்கிலேயர் பங்களாக்களில் சமையலறை வீட்டுக்குள் இருக்காது. பின்னால் தனிக் கட்டிடம். விறகு அல்லது கரி, மண் அடுப்பு, புகை. அங்கே கம்பியைச் சுற்றிச் சுடும் பெரிய கணப்பும் இல்லை, இரும்பு ஓவனும் அபூர்வம். மூடி போட்ட கனமான பாத்திரத்தைத் தணலில் வைத்து, மூடியின் மேலும் தணலைக் கொட்டினால் மேலிருந்தும் கீழிருந்தும் சூடு வரும். அதுதான் ஓவன்.

இந்த உலகத்தைப் பற்றி விரிவாக எழுதியவர் கர்னல் ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட். மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி. "வைவர்ன்" என்ற புனைபெயரில் இங்கே பத்திரிகையில் சமையல் பத்தி எழுதியவர். அந்தப் பத்திகள் 1878இல் "கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்" என்ற புத்தகமாக ஹிக்கின்பாதம்ஸ் வெளியீட்டில் வந்தன. ஊருக்குத் திரும்பிய பிறகு லண்டனில் சமையல் பள்ளியே நடத்தினார். அந்த அளவுக்கு விஷயம் தெரிந்தவர். பிரெஞ்சு முறைச் சமையலை மெட்ராஸ் அடுப்பில் எப்படிச் செய்வது, மிச்சமான ரோஸ்ட்டை மறுநாள் எப்படிக் கௌரவமாகப் பரிமாறுவது என்று பொறுமையாக எழுதுகிறார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு சமையல்காரர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். பெயர் "ராமசாமி". அவர் ஒரு தனி மனிதர் இல்லை. மெட்ராஸ் சமையல்காரர் எல்லோருக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர். ராமசாமி அதைக் கெடுப்பான், ராமசாமிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கணும், ஆனாலும் ராமசாமி கெட்டிக்காரன் என்கிற தொனியில் புத்தகம் போகிறது. ஒரு சமையல்காரரின் சொந்தப் பெயரில் குறிப்பு எழுதும் பழக்கம் அன்றைக்கு இல்லை.

யார் இந்த ராமசாமிகள்? கொஞ்சம் யோசித்தால் போதும். சாதி இந்துக்கள் மாட்டிறைச்சியைத் தொடமாட்டார்கள். ஆகவே ஆங்கிலேயர் அடுப்படியில் நின்றவர்களில் பெரும்பாலோர் பறையர் சமூகத்தவர், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள். பட்லர் வேலையும் அப்படித்தான். "பட்லர் இங்கிலீஷ்" என்று இன்றைக்கும் கிண்டலாகச் சொல்கிறோமே, அது மெட்ராஸ் பங்களா வேலைக்காரர்கள் பிழைப்புக்காக உருவாக்கிக்கொண்ட பேச்சு. கிண்டலை எடுத்துவிட்டுப் பார்த்தால், பள்ளிக்கூட வாசலையே காட்டாத ஒரு சமூகம் எஜமானனின் மொழியைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்ட சாதனை அது. சமையலும் அதே மாதிரிதான் போயிருக்கும் என்பது என் ஊகம். எஜமானர் "ரோஸ்ட்" என்று சொல்வார். கையில் இருப்பது டேக்சாவும் தணலும். மாட்டுக்கறியை எப்படி மெத்தென்று ஆக்குவது என்பது சமையல்காரருக்குத் தன் வீட்டு அடுப்பிலேயே தெரியும். இரண்டும் சேர்ந்ததுதான் மெட்ராஸ் ரோஸ்ட்.

மாட்டின் வயசு

அந்த "எப்படித் தெரியும்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இறைச்சிக்குள் தசை நார்களைக் கட்டிப்போடும் கொலாஜென் என்ற புரதம் உண்டு. கன்றில் அது இளசு, சீக்கிரம் கரையும். வயசான, வேலை செய்த மாட்டில் அது கயிறு முறுக்கின மாதிரி குறுக்கும் நெடுக்கும் பிணைந்துவிடும். தசை நார்கள் 60 டிகிரி தாண்டினாலே சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடுகின்றன. கொலாஜெனோ 70 டிகிரிக்கு மேல், ஈரத்தோடு, மணிக்கணக்கில் வெந்தால்தான் ஜெலட்டினாகக் கரையும்.

இப்போது கணக்கு எளிது. இளங்காளையின் முதுகுத் துண்டை ஓவனில் வைத்து உள்ளே சிவப்பாக எடுத்தால் மிருதுவாக இருக்கும். பத்து வருஷம் ஏர் இழுத்த மாட்டின் தொடைக்கறியை அப்படிச் செய்தால் செருப்புத் தோல்தான். அதற்கு மூடியும், தண்ணீரும், நேரமும் வேணும். பாத்திர ரோஸ்ட் என்பது ஓவன் இல்லாததற்கான மாற்று மட்டும் இல்லை. அந்த மாட்டுக்கு அதுதான் சரியான முறை.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே இறைச்சிக்கென்றே மாட்டினங்களை வளர்த்தார்கள். நம்ம ஊரில் மாடு என்பது முதலில் டிராக்டர், பிறகு லாரி, கடைசியில்தான் இறைச்சி. வண்டிக்கும் ஏருக்கும் பயன்படுகிற வரைக்கும் அதை யாரும் வெட்டுவதற்கு விற்கமாட்டார்கள். பொருளாதாரம் போட்ட விதி அது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த விதி சட்டப் புத்தகத்தில் ஏறியது. அரசியல் சாசனத்தின் 48ஆவது பிரிவு பசு, கன்று, பால் தரும், வண்டி இழுக்கும் கால்நடைகளை வெட்டுவதைத் தடுக்க அரசு முயலவேண்டும் என்கிறது. அதை ஒட்டிப் பல மாநிலங்கள் சட்டம் போட்டன. மெட்ராஸ் மாநிலம் போட்டது 1958ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். அதன்படி சான்றிதழ் இல்லாமல் மாட்டை வெட்டக்கூடாது. மாடு 10 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், அதோடு வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் காயம், ஊனம், தீராத நோய் இவற்றால் நிரந்தரமாகப் பயனற்றுப் போயிருக்க வேண்டும். இதில் ஒன்று இருந்தால்தான் சான்றிதழ். எருமைக்கும் இதே கதைதான். பிறகு 1976 ஆகஸ்ட் 30ஆம் தேதி அரசாணை ஒன்று பசுவையும் கிடேரியையும் இறைச்சிக்கூடங்களில் வெட்டுவதை முழுசாகத் தடை செய்தது.

அதே 1958 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முகமது ஹனீஃப் குரேஷி வழக்கில் தீர்ப்பளித்தது. பசு, கன்றுகளை வெட்டத் தடை செல்லும். ஆனால் பயனற்றுப்போன காளை, எருது, எருமைகளையும் சேர்த்துத் தடுப்பது நியாயமில்லை என்பது அதன் சாரம். ஆட்டுக்கறி வாங்க முடியாத ஏழைகளுக்கு இதுதான் மலிவான இறைச்சி என்பதும் அந்தத் தீர்ப்பில் எடைபோடப்பட்டது. 2005இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, குஜராத் வழக்கில், ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த நிலைப்பாட்டை மாற்றி, முழுத் தடையும் செல்லும் என்றது. 2015இல் மகாராஷ்டிரா காளை, எருதுகளையும் தடை செய்தது அந்தப் பாதையில்தான். தமிழ்நாட்டில் 1958 சட்டம் தொடர்கிறது.

இதைச் சமையல் பாஷையில் மொழிபெயர்த்தால், தமிழ்நாட்டில் சட்டப்படி கிடைக்கும் மாட்டிறைச்சி எல்லாமே ஏறக்குறைய வயசான மாடு. "உள்ளே இளஞ்சிவப்பு" ரோஸ்ட்டுக்கு இங்கே வழியே இல்லை. மெட்ராஸ் டேக்சா ரோஸ்ட் பழைய பழக்கத்தால் மட்டும் பிழைத்திருக்கவில்லை. சட்டமே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ராயபுரம், ரயில், மறுநாள் காலை

அந்தத் துண்டு ரொட்டிக்கு நடுவே போவதற்கு ரயில் வரவேண்டியிருந்தது. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. சென்ட்ரல் வருவதற்கு முன் ஊரின் ரயில் வாசல் ராயபுரம்தான். அதே காலத்தில் பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல். பிறகு பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்கள். கடல், ரயில், மில் எல்லாம் சில மைல் வட்டத்துக்குள்.

ரயில், கஸ்டம்ஸ், தபால், தந்தி ஆகிய நாலு துறைகளில் ஆங்கிலோ-இந்தியர்கள் அதிகமாக வேலையில் இருந்தார்கள். இது எவ்வளவு ஆழம் என்றால், அரசியல் சாசனத்தின் 336ஆவது பிரிவே இந்த நாலு துறைகளையும் பெயர் சொல்லி அவர்களுக்கு இட ஒதுக்கீட்டைத் தொடர்ந்தது. அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பத்து சதவீதம் குறைந்து, பத்து வருஷத்தில் முடிகிற மாதிரி. 1960இல் முடிந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ஏராளமான குடும்பங்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறின. சமையல் குறிப்பு நோட்டுகளும் கூடவே போயின.

இந்த வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ரோஸ்ட். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். ஃபிரிட்ஜ் இல்லாத காலம். மிச்சத்தை என்ன செய்வது? ஆங்கிலோ-இந்தியச் சமையலில் பாதி இந்தக் கேள்விக்கான பதில்தான். மிச்ச ரோஸ்ட்டைத் துண்டு போட்டு வெங்காயம், மிளகாயோடு வதக்கினால் ஜல்ஃப்ரேசி. பச்சை இறைச்சியையே மெல்லிசாகச் சீவி உப்பும் வினிகரும் மிளகாய்த்தூளும் தடவி வெயிலில் காயவைத்தால் டிங்-டிங். மலாய், இந்தோனேசியப் பக்கம் காய்ந்த இறைச்சிக்கு டெண்டெங் என்று பெயர். ஒலி ஒற்றுமையைப் பாருங்கள். நம்ம பாஷையில் அதற்கு உப்புக்கண்டம். ரோஸ்ட்டைச் சீவி, கிரேவியோடு சூடாக்கி, பேக்கரி ரொட்டிக்குள் வைத்தால் டிஃபன் பாக்ஸுக்குச் சாண்ட்விச்.

இதை "வெள்ளைக்காரப் பழக்கம்" என்று ஒதுக்கவும் முடியாது. நேற்றைய மீன்குழம்பைச் சுண்டவைத்துப் பழைய சோற்றோடு சாப்பிடும் காசிமேட்டுக்காரரிடம் போய் மிச்சத்தின் ருசியைப் பற்றிப் பாடம் எடுக்க முடியுமா? வடையை உதிர்த்து மசாலாவில் போட்ட வடகறியைச் சைதாப்பேட்டையின் பெருமையாகவே ஆக்கிவிட்ட ஊர் இது. சுண்டவைப்பதும் சூடு காட்டுவதும் நமக்கு ரத்தத்தில் ஊறியது. சாண்ட்விச்சில் புதுசு ரொட்டி மட்டும்தான்.

சரி, ஐந்து நிமிஷம் எப்படி?

இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக. முதல் நாள் வேலை நீளம், மறுநாள் வேலைதான் ஐந்து நிமிஷம்.

முதல் நாள்: ஒரு கிலோ எலும்பில்லாத தொடைக்கறி, வெட்டாமல் ஒரே துண்டாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சின்னதாக வெட்டத்தான் கத்தியை எடுப்பார், முன்கூட்டியே சொல்லிவிடணும். உப்பு, இடித்த மிளகு, இஞ்சி-பூண்டு விழுது, இரண்டு ஸ்பூன் வினிகர் தடவி ஒரு மணி நேரம் வையுங்கள். குக்கரில் எண்ணெய் காயவைத்து எல்லாப் பக்கமும் நன்றாகப் பழுப்பாகும்வரை திருப்பிவிடுங்கள். அவசரப்படவேண்டாம், கிரேவியின் நிறமும் மணமும் இங்கேதான் வருகிறது. காய்ந்த மிளகாய் நாலு, பட்டை, கிராம்பு, முழு மிளகு, பெரிய வெங்காயம் இரண்டு, ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 40, 45 நிமிஷம். திறந்து, துண்டைத் திருப்பித் திருப்பிவிட்டு, சாறு கெட்டியாகும்வரை வற்றவிடுங்கள்.

டேக்சாவில் இதே வேலை மூன்று மணி நேரம். டி.டி.கே. குழுமத்தின் பிரெஸ்டீஜ் நிறுவனம் 1955இல் தொடங்கியது, ஹாக்கின்ஸ் 1959இல். குக்கருக்குள் அழுத்தத்தால் சூடு 120 டிகிரியை நெருங்குகிறது, கொலாஜென் சீக்கிரம் கரைகிறது. சட்டம் வயசான மாட்டை நிரந்தரமாக்கிய அதே சமயத்தில், அதை முக்கால் மணி நேரத்தில் வேகவைக்கும் கருவியும் மார்க்கெட்டுக்கு வந்தது. திட்டம் போட்டு நடந்தது இல்லை, ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது.

துண்டை அதே கிரேவியில் மூழ்கவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இது முக்கியம். சமைத்த இறைச்சி காற்றுப்பட்டு இருந்தால் அதிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மறுநாள் சூடாக்கும்போது ஒரு பழைய அட்டைப்பெட்டி வாசனை வரும். உணவு அறிவியலில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. கிரேவி மூடியிருந்தால் காற்று படாது. வெங்காயமும் மசாலாவும்கூட அந்த வினையைக் கொஞ்சம் தடுக்கும். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

மறுநாள்: குளிர்ந்த துண்டை எடுங்கள். ஜெலட்டின் இறுகியிருப்பதால் மெல்லிசாகச் சீவ வரும்; சூடாக இருந்தால் உதிர்ந்துவிடும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் சீவுங்கள். நீளவாக்கில் சீவினால் மெல்லுவதற்குள் டிஃபன் நேரம் முடிந்துவிடும். சின்ன வாணலியில் இரண்டு கரண்டி கிரேவியைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சீவிய இறைச்சியைப் போட்டு, ஆவி பறக்க ஒரு நிமிஷம், இறக்கிவிடுங்கள். மறுபடி நெடுநேரம் கொதிக்கவிட்டால் நாரில் மிச்சமிருக்கும் ஈரமும் போய்விடும்.

அதே நேரம் தவாவில் ரொட்டியின் உள்பக்கத்தை மட்டும் வெண்ணெய் விட்டு வாட்டுங்கள். வாட்டின பக்கம் கிரேவியைத் தாங்கும், ரொட்டி நசநசக்காது. கொஞ்சம் கடுகு சாஸ், வட்டமாக வெட்டின வெங்காயம், இறைச்சி, மேலே அரைக் கரண்டி கிரேவி. மூடி, அழுத்தி, உடனே சாப்பிடணும். பன் கிடைத்தால் இன்னும் நல்லது.

பெயர் இல்லாதவர்கள்

இந்தச் சாப்பாட்டின் வரலாற்றைத் தேடினால் முதலில் கிடைப்பது கர்னல்களும் பிரபுக்களும்தான். பிறகு ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் அச்சான ஆங்கிலோ-இந்தியச் சமையல் புத்தகங்கள். டேக்சாவுக்கு முன்னால் நின்றவரின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அவர் செய்த வேலை மட்டும் சாப்பாட்டிலேயே பதிந்து கிடக்கிறது. மிளகும் காய்ந்த மிளகாயும் ஹோகார்த்தின் ரோஸ்ட்டில் இல்லை. மூடி போட்டு வற்றவைப்பது ஃபீல்டிங்கின் பாட்டில் இல்லை. வயசான மாட்டைத் தெரிந்த கை ஒன்று இதில் இருக்கிறது. அந்தக் கை வேலைக்குப் போன பங்களாக்கள் காலியாகிவிட்டன, வேலை கொடுத்தவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள், பிறகு ஆங்கிலோ-இந்தியர்களில் பெரும்பகுதியும் போய்விட்டார்கள். ரோஸ்ட் மட்டும் தள்ளுவண்டியில் இருக்கிறது. அதை விற்பவர்களும் வாங்குபவர்களும் அநேகமாக அந்த அடுப்படியில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான்.

ஆனாலும் அது கொஞ்சம் தயக்கத்தோடுதான் இருக்கிறது. போர்டில் "மாட்டுக்கறி" என்று எழுதுவதைவிட "பீஃப்" என்று எழுதுவது அதிகம். வீடு வாடகைக்குக் கேட்கும்போது "நான்-வெஜ் சாப்பிடுவோம்" என்பது ஒரு பதில், "பீஃப் சாப்பிடுவோம்" என்பது வேறு பதில். மட்டன் விலையில் பாதிகூட இல்லாத இறைச்சி, லோடு இறக்குகிற ஆளுக்கும் ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கும் வயிறு நிறையக் கிடைக்கிற புரதம், அதைச் சொல்ல ஒரு ஆங்கிலச் சொல் திரையாகத் தேவைப்படுகிறது. "ரோஸ்ட்" என்ற சொல்லும் அந்தத் திரையின் ஒரு பகுதிதான்.

2017 மே 23ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கால்நடைச் சந்தைகளில் வெட்டுவதற்காக மாடுகளை, எருமை உட்பட, விற்கக்கூடாது என்று. சந்தைக்கு வராத மாடு இறைச்சிக்கடைக்கும் வராது. மே 28 அன்று சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் எதிர்ப்பாக மாட்டிறைச்சி விருந்து நடத்தினார்கள். இரண்டு நாள் கழித்து அதில் கலந்துகொண்ட மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். அதே மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுவதுக்கும் பொருந்தும் என்றது. அன்றைக்கு டிவி விவாதங்களில் மதம் பேசினார்கள், தேசம் பேசினார்கள். இதைச் சமைக்கிறவர்களும் சாப்பிடுகிறவர்களும் யார் என்ற கேள்விக்குக் கிடைத்த நேரம் மிகக் கம்மி.

அடுத்த தடவை வடசென்னைப் பக்கம் போனால் அந்த போர்டை மறுபடி படித்துப் பாருங்கள். "பீஃப் ரோஸ்ட்" என்ற இரண்டு சொல்லும் இங்கிலீஷ்தான். உள்ளே இருக்கும் மாடு தமிழ்நாட்டுச் சட்டப்படி பத்து வயசு தாண்டியது. சமைக்கும் முறை பெயர் தெரியாத ஒரு மெட்ராஸ் சமையல்காரருடையது. அவருக்கு ராமசாமி என்று ஒரு கர்னல் பெயர் வைத்தார். உண்மையான பெயரை அவருடைய குடும்பத்தாராவது எங்கேயாவது எழுதி வைத்திருந்தால், மெட்ராஸ் உணவு வரலாற்றுக்கு அதைவிடப் பெரிய ஆவணம் வேறு இருக்காது.